உருதுக் கவிதைக்கு நான் சொன்ன அர்த்தம்

எங்கள் ஜில்லாவில் பிறந்த எவனுக்கும், தனக்கு ஒரே ஒரு மொழிதான் தெரியும் என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருப்பதால் தெலுங்கு தெரியும் என்போம். பெங்களூர் ரயில் ஜோலார்பேட்டையில் நின்று போவதால் கன்னடம் தெரியும். பெரியப்பா மகன் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பதால் இத்தாலியன்கூடக் கொஞ்சம் வரும் (இரண்டே வார்த்தை, இரண்டும் செருப்பின் பாகங்கள்). உருதுவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காலையில் கண் விழித்ததிலிருந்து ஜாஸ்தி, கம்மி, பேஜார், தோஸ்து என்று பேசுகிறோமே, அது பின்னே என்னவாம்?

இந்த ஒரு வாதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு மேடை ஏறினேன்.

அப்போது எம்.பி.ஏ. பரீட்சை முடிந்திருந்தது. வேலூரை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், அங்கே என்னை மறந்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன். மே மாதத்தில் மாணவர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட, வளாகம் வெறிச்சோடிக் கிடக்கும். அந்தச் சமயத்தில் ஊர் மக்களையும் உள்ளே கூப்பிட்டு ஒரு கோடைக் கலை விழா நடத்துவார்கள். பிள்ளைகளுக்குக் களிமண் பொம்மை வகுப்பு, ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கூத்து, மரத்தடியில் ஓவியக் கண்காட்சி என்று வளாகம் முழுக்க ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். வெயில் மட்டும் எல்லா நிகழ்ச்சிக்கும் டிக்கெட் இல்லாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.

நான் ஊருக்குப் போகாமல் தங்கியதற்குக் காரணம் கலை தாகம் அல்ல. பல்கலைக்கழகக் கலை மையத்தில் நிகழ்ச்சி உதவியாளர் என்று ஒரு வேலை காலியாகியிருந்தது. மையத்தின் தலைவர் மாலதி மேடம், "விழாவுல கூடமாட இருந்து செய், தயாளன். நீ எப்படிப் பண்றன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்று சொல்லியிருந்தார். இதை நான் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் போனில், "வேலை கெடச்சிடுச்சுப்பா" என்று சுருக்கிச் சொன்னேன். அப்பா தறிக்கூடத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். ஆகவே எனக்கு அந்த வேலை கிடைத்தே தீர வேண்டும்.

விழாவில் ஒரு நாள் மாலை பன்மொழிக் கவியரங்கம். அதற்கு ஆம்பூரிலிருந்து ஷமீமா மேடம் என்ற உருதுக் கவிஞர் வருவதாக ஏற்பாடு. பெண்கள் பள்ளியில் உருது ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கவிதை வாசிக்க வாசிக்க, பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது.

"யாருக்காவது உருது தெரியுமா?" என்று மாலதி மேடம் கேட்டார்.

அந்த அறையில் உருது தெரிந்தவன் ஒருவன் இருந்தான். என் ஹாஸ்டல் அறைத்தோழன் இம்ரான். ஆம்பூர்க்காரன், வீட்டில் பேசுவதே உருதுதான். ஆனால் அவனுக்கு மைக் என்றால் வயிற்றைக் கலக்கும். அவன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையைத் தூக்கினேன்.

"உனக்கா?" என்றார் மேடம்.

"எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும் மேடம்," என்றேன்.

வெளியே வந்ததும் இம்ரான் என் சட்டையைப் பிடித்தான். "டேய், உனக்கு உருது தெரியுமா?"

"ஏன்டா, நீ உங்க அம்மாகிட்ட போன்ல பேசறது எனக்குப் புரியலையா?"

"அது 'சாப்ட்டியா, தூங்குனியா'டா. இது ஷாயரி. அந்தம்மா கவிதைய மொதல்லயே அனுப்பி வெச்சிருக்காங்க. சாயங்காலம் உக்காரு, வரி வரியா அர்த்தம் சொல்லித் தர்றேன்."

"வேணாம் தோஸ்து. மொதல்லயே தெரிஞ்சிக்கினா உணர்ச்சி போயிடும். கேக்கறப்ப அப்படியே உள்ள எறங்கணும்."

(இதை நான் நிஜமாகவே சொன்னேன். இம்ரான் இன்றும் சத்தியம் செய்வான்.)

சாயங்காலம் நான் வேலூர் பஜாருக்குப் போய் முழங்காலைத் தொடும் வெள்ளை ஜிப்பா ஒன்றும், தோளில் போட ஒரு சால்வையும் வாங்கிவந்தேன். கவிதைக்காரன் என்றால் சால்வை வேண்டும் என்பது என் எண்ணம். மே மாதத்து வேலூரில் கம்பளிச் சால்வை கேட்டவனை அந்தக் கடைக்காரர் காய்ச்சல் வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கவியரங்கம் திறந்தவெளி அரங்கில், வெயில் தாழ்ந்தபிறகு தொடங்கியது. தாழ்ந்தது வெயில்தான், படிக்கட்டுக் கல்லெல்லாம் தோசைக்கல் பதத்தில் இருந்தது. நல்ல கூட்டம். ஷமீமா மேடத்துக்காகவே ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். உருது, தமிழ் இரண்டும் தண்ணீர்பட்ட பாடாகத் தெரிந்தவர்கள் அவர்கள் என்பதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

ஷமீமா மேடம் ஒல்லியாக, வெளிர் பச்சைச் சேலையில், முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தார். கூட வந்த அவருடைய நாத்தனாரிடம் உருதுவில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய், "ஆயியே மேடம், ஆயியே. குர்சி... பைட்டியே" என்றேன். அவர் என் சால்வையை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஷுக்ரியா" என்று நன்றி சொன்னார். அத்துடன் இவருக்குத் தமிழ் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டேன். (ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு டீச்சருக்குத் தமிழ் எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நான் முடிவு கட்டுகிற வேகத்தில் இருந்தேன்.)

முதலில் சின்னதாக இரண்டு வரி வாசித்தார். அதில் எனக்குப் பிடிபட்டவை 'பாலார்', 'பானி' என்ற இரண்டே சொற்கள். போதாதா? எங்கள் ஜில்லாவில் பாலாறும் தண்ணீரும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்கமுடியும்?

"பாலாற்றில்... தண்ணீர்... இல்லை!" என்றேன், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு பெருமூச்சுவிட்டு.

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் "வாஹ்!" என்றார். மாலதி மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் நான் வேலையில் சேர்ந்து, அடையாள அட்டை வாங்கி, கழுத்தில் மாட்டிக்கொண்டு குடியாத்தம் போய் இறங்கிவிட்டேன்.

ஷமீமா மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார். இது நீளமான கவிதை. குரல் தணிந்திருந்தது.

"கர் காலி ஹை."

காலி! நம்ம வார்த்தை. கர் என்றால் வீடு, அதுவும் தெரியும். "வீடு காலியாக இருக்கிறது," என்றேன். இதுவரைக்கும் சரி. அத்துடன் நிறுத்தியிருந்தால் எனக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தமே இருந்திருக்காது. ஆனால் மூன்றே சொல்லில் முடிப்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "குடிவருவதற்கு ஆள் தேவை," என்று சேர்த்தேன்.

முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"தர்வாஜா பந்த் ஹை."

பந்த். இது தெரியாத தமிழன் உண்டா? பஸ் ஓடாது, கடை திறக்காது. "இன்று... கடையடைப்பு!" என்றேன், கையை உயர்த்தி.

வேனில் வந்தவர்களிடமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கிளம்பியது. கவிதை போய்ச் சேர்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த இம்ரான் கழுத்தின் குறுக்கே கையை இழுத்து இழுத்துக் காட்டினான். குரல் பற்றவில்லை, இன்னும் சத்தமாகச் சொல் என்கிறான் போலிருக்கிறது என்று மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவந்தேன்.

"குர்சி இந்தஜார் மே ஹை."

குர்சி தெரியும், கொஞ்சம் முன்னால் நானே சொன்ன வார்த்தை. இந்தஜார்? இம்ரானின் அக்கா கல்யாணத்தில் எல்லாரும் "இந்தஜாம், இந்தஜாம்" என்று ஓடிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஏற்பாடு என்று அதற்கு அர்த்தம். கடைசி எழுத்தில் என்ன வந்துவிடப்போகிறது?

"நாற்காலிகள் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளன!"

சிரிப்பு பின்வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. வெளிமாநில மாணவர்கள் சிலர், எதற்கென்று தெரியாமலே, பக்கத்திலிருப்பவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஷமீமா மேடம் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு மெதுவாக அடுத்த வரியைச் சொன்னார்.

"பாத்தேங் கம், காமோஷி ஜியாதா."

பார்த்தேன், கம்மி, ஜாஸ்தி. நான்கில் மூன்று சொற்கள் தமிழாகவே இருந்தன! நடுவிலிருந்த காமோஷி ஒன்றுதான் பாக்கி. வீடு காலி, ஆள் தேவை, நாற்காலி வசதி உண்டு. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தபோது காமோஷி என்னவாக இருக்கும் என்பது எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

"வந்து பார்த்தவர்கள் கம்மி! கமிஷன் ஜாஸ்தி!"

அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசைப் பெரியவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். ஒருவர் படிக்கட்டிலேயே சாய்ந்துவிட்டார். எத்தனையோ போன்கள் உயர்ந்து என்னைப் படம்பிடிக்க ஆரம்பித்தன. மக்கள் உருதுக் கவிதையை இவ்வளவு ரசிக்கிறார்களே, இத்தனை நாளாக யாரும் இதைச் சரியாக மொழிபெயர்க்காததுதான் குறை என்று நினைத்துக்கொண்டேன். ஜிப்பா வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. சால்வையை மட்டும் நான் எடுக்கவில்லை.

"ஜானா தேரி ரஜா தீ."

ரஜா என்றால் லீவு என்று தாத்தா காலத்திலிருந்து தெரியும். "போவதென்றால் போ, உனக்கு லீவு!" என்றேன். கடையடைப்பு ஆயிற்றே, லீவு பொருத்தமாகவும் இருந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் கடைசி வரி வந்தது.

"சாய் டண்டி ஹோ கயீ."

இதில் ஊகமே தேவைப்படவில்லை. வேலூர் டீக்கடையில் தினமும் காதில் விழுவது. "டீ ஆறிப்போச்சு," என்றேன்.

அந்தக் கவிதையில் நான் கூட்டாமல் குறைக்காமல் சரியாகச் சொன்ன ஒரே வரி அதுதான். அதற்குத்தான் கூட்டம் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சிரித்தது.

ஷமீமா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். தாளை மடித்தார். முதன்முறையாக என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"தம்பி, நீ எந்த ஊரு?" என்றார், மைக்கில். சுத்தமான தமிழ். எங்க ஊர்த் தமிழ்.

"கு... குடியாத்தம் மேடம்."

"இங்க பக்கத்துலதான். அங்க உருது இப்படித்தான் பேசறாங்களா?"

சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை அது யாரைப் பார்த்து என்பது எனக்குப் புரிந்தது.

"எனக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் தெரியும் மேடம்."

"கம்மி இல்லப்பா. ஜாஸ்தி தெரியுது. நான் எழுதாததெல்லாம் தெரிஞ்சிருக்கு."

நான் மைக்கை அதன் கம்பத்தில் மாட்டிவிட்டுப் படியிறங்கப் பார்த்தேன். மைக் மாட்டிக்கொள்ள மறுத்தது.

"எங்க போற? நில்லு," என்றார். வகுப்பறைக் குரல். நின்றேன். "நான் தமிழ்ல சொல்றேன். நீ சத்தமா எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. என் தொண்டைக்கு அவ்ளோ ஒத்துக்காது."

பிறகு அவர் தன் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி ஒவ்வொரு வரியாகச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன்.

"வீடு வெறுமையா இருக்கு."

"வீடு வெறுமையா இருக்கு."

"கதவு சாத்தியிருக்கு. உன் நாற்காலி காத்துக்கினு இருக்கு."

சொன்னேன்.

"பேச்சு கொறஞ்சு போச்சு, மௌனம் ஜாஸ்தியாயிடுச்சு. போனது உன் இஷ்டம்."

அதையும் சொன்னேன். அரங்கத்தில் சத்தம் அடங்கிவிட்டது. ஒன்றிரண்டைத் தவிர, உயர்ந்திருந்த போன்கள் எல்லாம் இறங்கிவிட்டன. கடைசி வரிக்கு முன்னால், "எங்க வீட்டுக்காரர் போனப்புறம் எழுதனது இது," என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வதுபோல. "சாயங்காலம் டீ போட்டா கை தானா ரெண்டு டம்ளர் எடுக்குது. இதச் சொல்லாத. அடுத்த வரிய மட்டும் சொல்லு."

"டீ ஆறிப்போச்சு," என்றேன்.

சற்றுமுன் சொன்ன அதே இரண்டு சொற்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் மைக்கை இழுத்துக் கவிதையை உருதுவில் முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தார். முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர்தான் முதலில் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, மெல்லத் தட்ட ஆரம்பித்தார்.

மேடைக்குப் பின்னால் அவருக்கு மக்கன் பேடா இனிப்பும் தண்ணீரும் கொண்டுபோய் வைத்துவிட்டு, "மன்னிச்சிடுங்க மேடம்" என்று சொல்லி, தலையைத் தூக்காமல் நின்றேன்.

"அத விடு. அந்தக் கமிஷன் எங்கேருந்து வந்துச்சு?"

"காமோஷின்னீங்க. எனக்குக் கமிஷன்னு விழுந்துச்சு."

அவர் முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நாத்தனாரிடம் உருதுவில் அதைச் சொன்னார். அந்த அம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருவரும் ஓயும்வரை நான் அங்கேயே நின்றேன்; வேறு எங்கே போவது?

"எல்லாத்துக்கும் சிரிச்சாங்க, பரவால்ல," என்றார் ஷமீமா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "டீக்கு மட்டும் சிரிச்சிருக்கக் கூடாது." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "அந்தச் சால்வைய எடுத்துடுப்பா. பாக்கற எனக்கே வேர்க்குது" என்றார்.

கலை மையத்து வேலை இம்ரானுக்குப் போயிற்று. மாலதி மேடம் என்னைக் கூப்பிட்டு, "உன் தைரியத்துக்குக் கொறச்சல் இல்ல தயாளன். ஆனா இந்த வேலைக்குக் கொஞ்சம் பயமும் வேணும்" என்றார். அது இம்ரானிடம் தேவைக்கு மேலேயே இருந்தது. இன்றைக்கு அவன் அந்த மையத்தில் பெரிய ஆள். மைக்கைக் கண்டால் இன்னும் வயிற்றைக் கலக்குமாம்.

நான் ஊர் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே வீடியோ போய்ச் சேர்ந்திருந்தது. தறிக்கூடத்தில் லுங்கி எடுக்க வந்த வியாபாரி ஒருவர் அப்பாவிடம், "உங்க பையன் வீடு காலின்னு சொன்னானாமே, அட்வான்ஸ் எவ்ளோ?" என்று கேட்டிருக்கிறார். அப்பா என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது முதல் கேள்வி, "உனக்குத் தமிழாவது தெரியுமாடா?"

அப்புறம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்தது. நிஜமாகவே கிடைத்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். கல்யாணத்துக்கு நாட்றம்பள்ளியில் பெண் பார்க்கப் போனால், பெண்வீட்டார் மொத்தப் பேரும் அந்த வீடியோவை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் மணப்பெண் செல்வி சம்மதித்துவிட்டாள். ஏன் என்று பிற்பாடு கேட்டேன். "அவ்ளோ அசிங்கப்பட்டும் ஓடாம நின்னு, அந்தம்மா சொன்னத எல்லாம் திருப்பிச் சொன்னீங்கல்ல. அந்த ரெண்டாம் பாதிக்காகத்தான்," என்றாள். (முதல் பாதியையும் அவள் விட்டுவிடவில்லை, விருந்தாளி வந்தால் போனை எடுத்துவிடுவாள்.)

எங்கள் வீட்டில் யாராவது தெரியாததைத் தெரிந்ததுபோல் அளந்தால், அதற்குப் பொய் என்றோ புளுகு என்றோ சொல்வதில்லை. "மொழிபெயர்க்காதே" என்பார்கள். பள்ளிக்கூடம் போகிற என் மகள்கூட, வகுப்பில் யாரோ ஒரு பையன் மொழிபெயர்த்துவிட்டான் என்று வந்து புகார் சொல்கிறாள்.

சமீபத்தில் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் வடக்கத்திக்காரர், தமிழ் அரைகுறை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எது தேய்ந்திருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். எனக்கு நன்றாகவே புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினேன்.

"அம்மா, டாக்டர் இன்னா சொல்றார்னா..."

அம்மா கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள்.

"நீ வாய மூடிக்கினு இரு. டாக்டரே, உங்களுக்கு வர்ற தமிழ்லயே சொல்லுங்க. இல்லன்னா கைய கால காட்டிச் சொல்லுங்க, நான் புரிஞ்சிக்கிறேன். இவன் வாயால கேட்டேன்னா, என் முட்டிய வாடகைக்கு வுட்டுட்டு கமிஷனும் வாங்கிக்கினு வந்துடுவான்."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.